ஐப்பசிக் கண்மாயில் ஒரு நாள்: பறவை பார்க்க முழுமையான வழிகாட்டி

படப்புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஐப்பசியில் முதன்முதலாகக் கண்மாய்க்குப் போகிறவர்கள் பலர் வெறுத்துப்போய்த் திரும்புகிறார்கள். புத்தகத்தில் ஆண் நீலச்சிறகிக்குக் கண்ணுக்கு மேலே சுண்ணாம்பால் கோடிழுத்த மாதிரி வெள்ளைப் புருவம் இருக்கும். கண்மாயில் மிதக்கிற இருபது வாத்தில் ஒன்றுக்கும் அது இருக்காது, எல்லாம் ஒரே மண் நிறம். உண்ணிக்கொக்கின் தலையில் இருந்த பொன்னிறம் வெளுத்திருக்கும். மடையான் கரையோர மண்ணாங்கட்டி மாதிரி உட்கார்ந்திருக்கும். குஞ்சு பொரித்து முடித்து இறகு உதிர்த்த பிறகு பல பறவைகள் போட்டுக்கொள்கிற சாதா உடுப்பு இது. வலசை வாத்துகளில் ஆண்களுக்குப் பகட்டு இறகு முழுசாகத் திரும்ப மார்கழி, தை ஆகிவிடும்.

அதனால் இந்த மாதத்தில் நிறத்தை நம்பி இறங்காதீர்கள். ஒரு பறவையைக் கண்டதும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: அது எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது? காலின் நீளமும் அலகின் வடிவமும் எந்த ஆழத்துக்கு ஏற்றதோ, அங்கேதான் அது இரை தேடும். ஆழத்தைப் படிக்கப் பழகிவிட்டால் பெயர் பாதி வந்துவிடும்.

நான் போவது மதுரைக்குப் பக்கத்தில் உள்ள ஒரு நடுத்தரக் கண்மாய். உங்களூரில் அதை ஏரி என்பார்கள், குளம் என்பார்கள். வேலை ஒன்றுதான்.

எந்தக் கண்மாய், எந்த வாரம்

வீட்டிலிருந்து அரை மணி நேரத்துக்குள் போகக்கூடிய ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். வேடந்தாங்கலும் கூந்தன்குளமும் அருமையான இடங்கள், மறுக்கவில்லை. ஆனால் வருஷத்துக்கு ஒருமுறை போகிற இடத்தைவிட, மாதம் இரண்டு தடவை போகிற சொந்த ஊர்க் கண்மாய்தான் உங்களுக்குப் பாடம் நடத்தும். மதுரைக்காரர்களுக்குச் சாமநத்தம் கண்மாய் இருக்கிறது, சுற்று வட்டாரத்தில் பறவை பார்க்கிறவர்கள் எல்லோரும் அங்கே ஒரு நடை போயிருப்பார்கள்.

தேர்வு செய்யும்போது நான் பார்ப்பது மூன்று விஷயம்: நடக்கத் தோதான கரை, உள்வாய்ப் பக்கம் (கரைக்கு எதிரே, தண்ணீர் உள்ளே வருகிற பக்கம்) ஆழமில்லாத சேற்றுப் பரப்பு, தண்ணீருக்குள் கொஞ்சமாவது நாட்டுக்கருவேல மரங்கள். ஆகாயத்தாமரை மொத்தமாக மூடிவிட்ட இடத்தில் நீலத் தாழைக்கோழியும் இலைக்கோழியும் கிடைக்கும், வாத்துக்கு அங்கே வேலையில்லை. சாக்கடை கலக்கிற கண்மாய் என்று முகம் சுளித்து ஒதுக்கிவிடாதீர்கள். மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றால் அங்கேதான் தட்டைவாயன் வாத்துக் கூட்டம் இருக்கும்.

வாரம் முக்கியம். தமிழ்நாட்டுக்கு வருஷ மழையில் கிட்டத்தட்டப் பாதியைக் கொண்டுவருவது அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழை. அது வலுக்கும் முன்னால், புரட்டாசிக் கடைசியிலும் ஐப்பசித் தொடக்கத்திலும், கண்மாயில் தண்ணீர் குறைவு, சேறு அதிகம். அது உள்ளான்களின், அதாவது சேற்றில் இரை தேடும் சின்னக் கரைப்பறவைகளின் காலம். நாலு நல்ல மழை விழுந்ததும் சேறு மூழ்கிவிடும். உள்ளான்கள் வயலுக்கு ஒதுங்கும், வாத்துகள் வந்து சேரும். முடிந்தால் இரண்டுக்கும் ஒரு நாள் ஒதுக்குங்கள். ஒரு நாள்தான் முடியும் என்றால், முதல் மழைக்குப் பிந்தைய வாரம். சேறும் மிச்சமிருக்கும், தண்ணீரும் இருக்கும்.

தீபாவளியன்றும் மறுநாளும் ஊர்ப்பக்கக் கண்மாய்களில் பறவைகள் கலைந்து கிடக்கும், அந்த இரண்டு நாளைத் தவிர்த்துவிடுவது நல்லது. சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி விதிவிலக்கு. அந்த ஊர்க்காரர்கள் பறவைகளுக்காகப் பல பத்தாண்டுகளாகவே தீபாவளிக்கு வெடி போடுவதில்லை.

முந்தின நாள் ராத்திரி

பைனாகுலர் வாங்குவதாக இருந்தால் 8×42 என்று எழுதியிருப்பதை வாங்குங்கள். எட்டு என்பது எத்தனை மடங்கு பெரிதாக்கும் என்பது, 42 என்பது முன்கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். பத்து மடங்கில் கை நடுக்கமும் கூடவே பெரிதாகும். ஐம்பது மடங்கு, அறுபது மடங்கு என்று போட்டு மலிவு விலையில் விற்பதைத் தொடாதீர்கள், மங்கலான பெரிய பறவைதான் தெரியும்.

வாங்கிய பலரும் தங்கள் கண்ணுக்கு அதைச் சரிசெய்துகொள்வதே இல்லை. மொட்டைமாடியிலேயே செய்துவிடலாம். எதிர்வீட்டு மின்கம்பத்து எண்ணைப் பாருங்கள். வலது பக்கத்தைக் கையால் மூடி, நடுச்சக்கரத்தைத் திருப்பி இடது கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். பிறகு இடது பக்கத்தை மூடி, நடுச்சக்கரத்தைத் தொடாமல், வலது கண் வில்லையை ஒட்டியிருக்கும் வளையத்தை மட்டும் திருப்பித் தெளிவாக்குங்கள். அந்த வளையம் நின்ற இடத்தில் நெயில்பாலிஷால் ஒரு புள்ளி. அவ்வளவுதான், இனி நடுச்சக்கரம் மட்டும் போதும். மூக்குக்கண்ணாடி போடுகிறவர்கள் கண்பக்க ரப்பரைக் கீழே இறக்கிவிட வேண்டும்.

பையில் சின்ன நோட்டு, பென்சில் (தூறலில் பேனா மை ஊறிவிடும்), நோட்டுக்கும் போனுக்கும் பாலித்தீன் கவர், தொப்பி, தண்ணீர், வேர்க்கடலை. சட்டை மண் நிறமோ மங்கிய பச்சையோ, வெள்ளை மட்டும் வேண்டாம். காலுக்கு மூடிய ஷூ. மழை பெய்தால் வளைகளில் தண்ணீர் புகுந்து பாம்பெல்லாம் கரைக்கு ஏறிவிடும், கண்ணாடி விரியன் உட்பட. புல் மறைத்த இடத்தில் கால் வைக்கும் முன் குச்சியால் தட்டுங்கள்.

விடியற்காலை: கரையில் எங்கே நிற்பது

ஐப்பசியில் மதுரைப் பக்கம் சூரியன் உதிப்பது ஆறே காலுக்குச் சற்று முன்னால். ஐந்தே முக்காலுக்குக் கரையில் இருங்கள்.

நம் முன்னோர்கள் கண்மாய் வெட்டியதில் பறவை பார்க்கிறவனுக்கு ஒரு வசதி தற்செயலாக வாய்த்திருக்கிறது. இந்தப் பக்கம் நிலம் பெரும்பாலும் கிழக்கு, தென்கிழக்காகச் சரிகிறது. தண்ணீரைத் தடுக்கும் கரையைச் சரிவின் கீழ்ப்பக்கம்தானே போட முடியும்? ஆகவே பல கண்மாய்களில் கரை கிழக்கே, உள்வாய் மேற்கே. காலையில் கரைமேல் நின்று மேற்கே பார்த்தால் சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால். பறவைமேல் வெளிச்சம் நேராக விழும். எதிர்ப்பக்கம் போனால் அதே பறவை கரிக்கட்டையாகத் தெரியும். சாயங்காலம் இது தலைகீழ், அப்போது உள்வாய்ப் பக்கம் போய்விட வேண்டும்.

முதல் இருபது நிமிடம் பைனாகுலரைத் தொட வேண்டாம், காதுக்குத்தான் வேலை. ராத்திரி முழுக்க மீன் பிடித்த வக்காக்கள் "குவாக்" என்று ஒற்றைக் குரல் கொடுத்துக்கொண்டு மரத்துக்குத் திரும்பும். அதே மரங்களில் தூங்கிய கொக்கும் நீர்க்காகமும் கிளம்பும். ஷிப்டு மாறுகிற ஆலை வாசல் மாதிரி இருக்கும். கோரைக்குள்ளிருந்து முக்குளிப்பானின் நடுங்கும் சிரிப்பொலி வரும். ஆட்காட்டி உங்களைத்தான் திட்டுகிறது, அசையாமல் நின்றால் ஐந்து நிமிடத்தில் ஓய்ந்துவிடும்.

ஆழத்தைப் படிப்பது

வெளிச்சம் வந்ததும், கரைக்கு எதிரே தண்ணீர் முடிகிற விளிம்பிலிருந்து தொடங்குங்கள். நடுக்கண்மாயில் தெரிகிற பெரிய பறவைகள் எங்கும் போகாது. விளிம்பில் இருப்பதுதான் ஆள் நடமாட்டம் கூடியதும் பறந்துவிடும்.

தண்ணீரே இல்லாத ஈரச்சேற்றில் ஓடுவதும் நிற்பதுமாக ஒன்று இருந்தால், அதன் ஓட்டத்தைக் கவனியுங்கள். நாலடி ஓடி, சட்டென்று நின்று, ஒரு கொத்து, மறுபடி ஓட்டம் என்றால் உப்புக்கொத்தி வகை. கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையம் தெரிந்தால் பட்டாணி உப்புக்கொத்தி. நடந்துகொண்டே வாலை மேலும் கீழும் ஆட்டுவது வாலாட்டி. ஊரிலேயே இருக்கிற வெண்புருவ வாலாட்டி கருப்பும் வெள்ளையுமாகப் பளிச்சென்று இருக்கும். மஞ்சள் வாலாட்டி விருந்தாளி. ஐப்பசியில் அதன் மஞ்சளும் பாதி அழிந்துபோயிருக்கும், வயிற்றில் மட்டும் சாயம் ஒட்டியிருக்கும்.

விரலளவுத் தண்ணீருக்கு வந்தால் உள்ளான்கள். புதியவர்கள் தலையைப் பிய்த்துக்கொள்ளும் இடம் இதுதான், எல்லாம் பழுப்பு, எல்லாம் ஒரே அளவு. பத்து உள்ளானையும் ஒரே நாளில் பிரித்துவிட வேண்டும் என்று உட்காராதீர்கள். முதல் வருஷத்துக்கு இரண்டு போதும். பின்பக்கத்தை ஓயாமல் ஆட்டிக்கொண்டு, கரையோரக் கல்லைச் சுற்றியே தனியாகத் திரிவது சாதா உள்ளான். அதன் தோளுக்கு முன்னால் மார்பின் வெள்ளை ஆப்பு மாதிரி மேலேறியிருக்கும். பறக்கும்போது இறக்கையை முழுசாக அடிக்காமல், தண்ணீரை ஒட்டி விறைத்த மாதிரி துடித்துக்கொண்டு போகும். முதுகில் பொரியை இறைத்த மாதிரி புள்ளியும், கண்ணுக்கு மேல் வெளிர்க்கோடும், பறக்கையில் வாலடியில் வெள்ளையும் இருந்தால் பொரி உள்ளான், இது நாலைந்தாகச் சேர்ந்து திரியும். மற்றதையெல்லாம் "உள்ளான், தெரியாது" என்றே எழுதுங்கள். பத்து வருஷமாகப் போகிற என் நோட்டிலும் அந்த வரி இன்னும் இருக்கிறது.

சாண் ஆழத்தில் நிற்கிற ரோஜா நிறக் குச்சிக்கால் பறவை நெடுங்கால் உள்ளான். அதைச் சந்தேகிக்கவே வேண்டியதில்லை. அதைத் தாண்டி முழங்கால் அளவுக்குப் போனால் பெரிய நாரைகள். இங்கே அலகைப் பாருங்கள், அதை எப்படிப் பயன்படுத்துகின்றன என்று பாருங்கள். கரண்டிவாயன் அகப்பையைத் தண்ணீரில் விட்டுத் துழாவுகிற மாதிரி தலையை இடமும் வலமும் வீசும். சங்குவளை நாரை அலகைப் பாதி திறந்தபடி தண்ணீருக்குள் வைத்துக்கொண்டு காலால் சேற்றைக் கலக்கும். மீன் உரசியதும் அலகு மூடிக்கொள்ளும், கண்ணால் பார்த்துப் பிடிக்க வேண்டிய அவசியம் அதற்கு இல்லை. நத்தைக்குத்தி நாரையின் இரு அலகுக்கும் நடுவே சந்து இருப்பது தூரத்திலிருந்தே தெரியும். அது போன பிறகு அந்த இடத்துக்கு நடந்து போய்ப் பாருங்கள். நத்தை ஓடுகள் பெரும்பாலும் உடையாமல், உள்ளே மட்டும் காலியாகக் கிடக்கும். உள்ளங்கையில் எடுத்து வைத்தால் எப்படித்தான் உருவியதோ என்று இருக்கும்.

கால் எட்டாத ஆழத்தில் மிதப்பவை வேறு உலகம். தலையைக் கவிழ்த்து வாலை மேலே தூக்கி நிற்பவை மேலோட்டமாக மேயும் வாத்துகள். அவற்றை நிழலுருவத்தில் பிரியுங்கள். கழுத்து நீண்டு வால் கூர்ந்திருந்தால் ஊசிவால் வாத்து. அலகு தலையைவிடப் பெரிசாக, கரண்டி மாதிரி முன்பக்கம் அகன்றிருந்தால் தட்டைவாயன், அது கூட்டமாகச் சேர்ந்து தண்ணீரில் ராட்டினம் சுற்றும். சின்ன உருவம், முகத்தில் கோடுகோடாக, அலகின் அடியில் ஒரு வெளிர்ப்புள்ளி என்றால் நீலச்சிறகி. கருத்த அலகின் நுனியில் மஞ்சள் தெரிந்தால் உள்ளூர்க்காரனான புள்ளிமூக்கு வாத்து. கருப்பாக, அலகும் நெற்றியும் மட்டும் வெள்ளையாக இருப்பது நாமக்கோழி, பெயரே அடையாளம்.

முழுசாக மூழ்கிக் காணாமல் போகிறவை முக்குளிப்பான், நீர்க்காகம், பாம்புத்தாரா. நீர்க்காகம் மூழ்கும் முன் சின்னதாக ஒரு துள்ளல் போடும். முக்குளிப்பான் பெரும்பாலும் சத்தமில்லாமல் அமுங்கும். பாம்புத்தாராவுக்குக் கழுத்து மட்டும் வெளியே தெரியும், முதல் தடவை பார்க்கிறவர்கள் பாம்பு என்றே நினைப்பார்கள்.

கரையை விட்டு நகரும் முன் மடையையும், மிச்சத் தண்ணீர் வழிந்தோடும் கலுங்கையும் ஒரு பார்வை பாருங்கள். மடைத்தூணில் மீன்கொத்தி இல்லாத கண்மாயை நான் பார்த்ததில்லை. கண்மாய் நிரம்பி மறுகால் பாய்கிற நாள் என்றால், கலுங்குக்குக் கீழே கொக்கும் மடையானும் பந்திக்கு உட்கார்ந்த மாதிரி வரிசையாக நிற்கும்.

பூனைப்பருந்து வரும்போது

அக்டோபரிலிருந்து சேற்றுப் பூனைப்பருந்து வரத் தொடங்கும். இறக்கையை ஆங்கில எழுத்து வி மாதிரி லேசாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கோரைமேல் தாழ்வாகச் சாய்ந்து சாய்ந்து வரும். ஒரு நொடியில் கண்மாய் முழுக்க எழும்பிவிடும். எல்லோரும் பருந்தைப் பார்ப்பார்கள். நீங்கள் வாத்தைப் பாருங்கள். மண் நிறமாக மிதந்த ஆண் நீலச்சிறகி இறக்கையை விரித்ததும் முன்பக்கம் வெளிர்நீலச் சாம்பலாகத் தெரியும். இறக்கை நிறத்தை அது உதிர்த்துவிடுவதில்லை, மூடி வைத்திருந்தது. மடையானும் அப்படித்தான், மண்ணாங்கட்டி பறந்தால் வெள்ளைவெளேரென்று ஆகிவிடும்.

நீங்களாகக் கைதட்டிக் கிளப்பிவிட்டு இதைப் பார்க்க நினைக்காதீர்கள். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வந்து, இழந்த கொழுப்பைத் திரும்பச் சேர்த்துக்கொண்டிருக்கிறது அது. போனில் பறவைக் குரலைப் போட்டு இழுப்பதும் வேண்டாம்.

எண்ணுவதும் எழுதுவதும்

பத்து பறவையை ஒவ்வொன்றாக எண்ணுங்கள். அந்தப் பத்து எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று கண்ணில் பதித்துக்கொண்டு, அதே அளவைக் கூட்டத்தின் மேல் எத்தனை முறை வைக்க முடிகிறது என்று பாருங்கள். பெரிய கூட்டத்துக்கு நூறு நூறாக. எப்போதும் எண்ணும் முன் அவை வாத்துதானா என்பதையும், யாருடைய வாத்து என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள். நான் இரண்டாம் வருஷம் அரையிருட்டில் முந்நூற்றுச் சொச்சம் வாத்தை எண்ணி, கை நடுங்க நோட்டில் எழுதி, நண்பருக்குப் போன் போட்டுச் சொல்லியும் முடித்தேன். வெளிச்சம் வந்தபோது கோலோடு ஒருவர் கரையில் ஏறி நின்று "ப்பா, ப்பா" என்று கூப்பிட்டார். முந்நூறும் வரிசை கட்டிக்கொண்டு அவர் பின்னால் போயின. அறுத்த வயலில் மேய்க்க ஓட்டி வந்த பட்டி வாத்து.

நோட்டில் நேரம், இடம், ஆழம், எண்ணிக்கை, செய்கை. உதாரணத்துக்கு: "6.40. மடைக்கு வலப்பக்கம். விரலளவு. பொரி உள்ளான் 7. ஒன்று நொண்டுகிறது." பறவைப் பட்டியல்களைச் சேர்க்கிற ஈபேர்ட் (eBird) செயலியிலும் பதியலாம். அடையாளம் தெரிந்த எல்லாப் பறவையையும், காக்கை மைனா உட்பட, பதிந்தால்தான் அது முழுப் பட்டியல். ஆய்வுக்கு அதிகம் உதவுவது முழுப் பட்டியல்தான், அரிய பறவையை மட்டும் பொறுக்கிப் போடுவதால் பிரயோஜனம் குறைவு. மெர்லின் செயலி குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும். அது சொன்னதைக் கண்ணால் பார்க்காமல் எழுதாதீர்கள். அக்டோபர் இரண்டாவது சனிக்கிழமை உலகம் முழுக்க ஒரே நாளில் எண்ணுகிறார்கள், முதல் பட்டியலுக்கு அது நல்ல நாள்.

வெயில் ஏறிய பிறகு

ஒன்பதரைக்கு மேல் தண்ணீர்ப் பறவைகள் கண்ணயரும். அப்போது கரையோர மின்கம்பிகளையும் பனைமரங்களையும் பாருங்கள். கம்பியில் தகைவிலானும் நீலவால் பஞ்சுருட்டானும், கருவேல முள்ளில் பழுப்புக் கீச்சானும் இருக்கும். மூன்றுமே இந்தப் பருவத்தில் வந்து சேர்ந்தவை.

ஆடு மேய்க்கிறவர்கள் வருகிற நேரமும் இதுதான். தவறாமல் பேச்சுக் கொடுங்கள். போன ஐப்பசியில் ஒரு பெரியவர் என்னை ரொம்ப நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"என்ன தம்பி, சர்வே எடுக்குறீகளா?"

"இல்லைங்கய்யா, பறவை பாக்க வந்தேன்."

"வெறுமனே பாக்கவா?"

"பாத்து எழுதிக்கிருவேங்கய்யா."

"அதுக்குக் காசு தருவாகளா?"

"இல்லைங்கய்யா."

இரக்கப்பட்டிருக்க வேண்டும். கம்பை நீட்டிக் கோரைத்திட்டு ஒன்றைக் காட்டினார். "அந்த ஓரத்துல போய் ஒக்காருங்க. உள்ள மிதிக்காதீக, மிதிச்சா சர்ருனு கெளம்பிரும்."

அவர் சொன்னபடி ஓரத்தில் குத்தவைத்தேன். கால் மணி நேரம் ஒன்றுமில்லை. பிறகு பத்தடி தூரத்தில் காய்ந்த கோரைத்தாள் என்று நினைத்திருந்த ஒன்று முன்னே நகர்ந்தது. முதுகில் நீளவாக்கில் வைக்கோல் நிறக் கோடுகள், தலையைப் போல இரண்டு மடங்கு நீளத்தில் அலகு: விசிறிவால் உள்ளான். அந்த அலகைச் சேற்றுக்குள் விட்டு, தையல் மிஷின் ஊசி மாதிரி ஒரே இடத்தில் விடாமல் குத்திக்கொண்டே நகர்ந்தது. அத்தனை வருஷமும் கோரைக்குள் கால் வைத்துக் கிளப்பி, கோணல்மாணலாகப் பறந்து போகிற முதுகை மட்டும்தான் பார்த்திருந்தேன்.

மீன் குத்தகைக்காரர் பறவையை விரட்ட வெடி போட்டால் சண்டைக்குப் போகாதீர்கள். அவர் பணம் தண்ணீருக்குள் கிடக்கிறது. ஆனால் கொக்குக்கும் உள்ளானுக்கும் வலை விரித்திருப்பதைக் கண்டால் அது வேறு, 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். நீங்களாகத் தட்டிக் கேட்காமல், இடத்தைக் குறித்துக்கொண்டு வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

சாயங்காலம்

மூன்றரைக்குத் திரும்ப வாருங்கள், இம்முறை உள்வாய்ப் பக்கம். வானத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள், ஐப்பசி இடிமழை பிற்பகலில்தான் அதிகம். இடி கேட்டால் திறந்த வெளியில் நிற்காதீர்கள், தனி மரத்தடிக்கும் போகாதீர்கள். கண்மாயில் உயரமான இடம் கரை, அதன்மேல் உயரமான பொருள் நீங்கள்.

மழை இல்லையென்றால் ஐந்தரையிலிருந்து கருவேல மரங்கள் நிரம்பத் தொடங்கும். ஒரு மரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, அதில் இறங்குகிறதை எண்ணுங்கள். எல்லா மரத்தையும் எண்ண முயன்றால் ஒன்றும் மிஞ்சாது. உண்ணிக்கொக்கு கூட்டமாக வரும், நீர்க்காகம் கோடு போட்ட மாதிரி வரும். ஆறு மணிக்குச் சூரியன் போய்விடும். சீழ்க்கைச் சிறகி வாத்துகள் விசிலடித்துக்கொண்டு தலைக்கு மேல் வயலுக்கு மேயப் போகும். எண்ண முடிந்தால் எண்ணுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் வில்லையிலுள்ள தூசியை ஊதிவிட்டுப் பிறகு துடையுங்கள், அப்படியே துடைத்தால் மணல் கீறிவிடும். பைனாகுலரின் கழுத்துப் பட்டை ஈரமாக இருந்தால் காய வையுங்கள், மழை மாதத்தில் பூஞ்சை பிடிக்கும். ஆனால் கண்மாயை விட்டுக் கிளம்பும் முன் இன்னும் ஐந்து நிமிடம் நில்லுங்கள். நோட்டில் எழுத்துத் தெரியாத அளவுக்கு இருட்டிய பிறகு, காலையில் மரத்துக்குள் போனது வெளியே வரும். தடவித் தடவி எழுதிக்கொள்ளலாம்: "6.25. வக்கா 1. குரல் மட்டும்."